சிசுவின் தலையாட்டலும் வலிப்பாக இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் காய்ச்சல் வலிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் மூளையைப் பாதிப்பதில்லை என்று அதில் எழுதியிருந்தது பல தாய்மார்களின் வயிற்றில் பால் வார்த்திருக்கும். ஆனால் காய்ச்சல் இல்லாமல், பார்வைக்கு வலிப்பு என்றே தோன்றாமல், கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வலிப்பும் உண்டு. அதை எங்கள் வீட்டில் கண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் பேரனுக்கு அப்போது ஐந்து மாதம். தூங்கி எழுந்தவுடன் இரண்டு கைகளையும் சட்டென்று விரித்துத் தலையை முன்னால் குனிவான். ஒரு நொடியில் சரியாகிவிடும். சில நொடிகளில் மறுபடியும் அதே அசைவு வரும். பத்துப் பதினைந்து முறை இப்படி வந்து ஓய்ந்தபின் வீறிட்டு அழுவான். உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, தெருவில் ஒரு பாட்டியம்மாவிடம் கொடுத்துச் சேலையில் போட்டு உருட்டினோம். பக்கத்து கிளினிக்கில் வாயுக்கோளாறு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அதற்குள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பதையே நிறுத்திவிட்டான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்த எனக்கே அது உறைக்கவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

என் மருமகள் அந்த அசைவைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே குழந்தைகள் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மூளை டாக்டர் என்றதும் ஆபரேஷன்தான் என்று நாங்கள் நடுங்கிப்போனோம். அவர் கத்தி எடுக்கிறவர் அல்லர். குழந்தை மருத்துவம் படித்து, அதன்மேல் நரம்பியலும் படித்தவர். பிறந்தவுடன் அழுதானா, முதல் நாட்களில் சர்க்கரை குறைந்ததா, கழுத்து எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டேப்பால் தலைச் சுற்றளவை அளந்தார். விளக்கை அணைத்து, ஊதா ஒளி வீசும் ஒரு சிறு விளக்கை உடம்பு முழுக்கக் காட்டி, தோலில் வெளிறிய திட்டுகள் உண்டா என்று தேடினார். மூளையும் தோலும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன என்பதால், சில மூளை நோய்களின் அடையாளம் முதலில் தோலில்தான் தெரியுமாம். பிறகுதான் தூங்கவைத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

அவனுக்கு வந்திருந்தது ‘இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ்’ எனப்படும் சிசு வலிப்பு. இந்த நோயை முதன்முதலில் எழுதியவர் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1841-இல் தம் சொந்த மகனுக்கு வந்த அசைவுகளை விவரித்து, வேறு யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா என்று ‘லான்செட்’ இதழின் ஆசிரியருக்கு அவர் எழுதியதும் ஒரு கடிதம்தான். ஹார்மோன் ஊசியால் இது கட்டுப்படும் என்பது 1958-இல்தான் தெரியவந்தது. இன்று அந்த ஊசியும் ஸ்டீராய்டு மருந்தும் விகாபாட்ரின் மாத்திரையும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. ஆயினும் சிகிச்சை தொடங்குவது தள்ளிப்போகப் போக, குழந்தையின் வளர்ச்சி பின்தங்கும் அபாயம் கூடுகிறது. எங்கள் மூன்று வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்கள் வலிப்பை மட்டும் பார்ப்பதில்லை. எட்டு மாதமாகியும் உட்காராத பிள்ளை, நடந்துகொண்டிருந்தவன் தரையிலிருந்து எழத் தொடையில் கையூன்றுவது, அடிக்கடி வரும் தலைவலி, பேச்சு வராதது, வந்த பேச்சு நின்றுபோவது என எல்லாவற்றையும் இவர்களிடம் காட்டலாம். கற்றது மறந்துபோவது எந்த வயதிலும் காத்திருக்கக்கூடாத அறிகுறி. பெரியவர்களின் நரம்பியலை அப்படியே சின்னதாக்கினால் குழந்தைகள் நரம்பியல் வந்துவிடாது. நான்கு மாதத்தில் இயல்பான ஒன்று பதினான்கு மாதத்தில் நோயாக இருக்கலாம். இந்த மருத்துவர்கள் பெரிய நகரங்களில்தான் அதிகம் என்பது உண்மை. அதனால்தான் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவையும், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் (ஆர்.பி.எஸ்.கே.), வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கவனிக்க மாவட்டங்களில் அமைந்த ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

தாங்கள் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையில் சாவி கொடுப்பதில் பயன் இல்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பனவற்றோடு, பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் அதில் கட்டாயம் சேருங்கள்.

பேரனுக்கு இப்போது மூன்று வயது. நடக்கிறான். பேச்சு தாமதம்தான், வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். போன மாதம் “ஆச்சி” என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சங்கரன்கோவில்.