தாமதமாகத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் முதல் நாவல் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. சைதாப்பேட்டையில் வாடகை நூலகம் நடத்தும் ஒரு பெண்மணி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில் மறுபடி கடை திறக்கிற கதை. எழுதியது நான்தான். ஆனால் அதில் உருப்படியான இடங்கள் பலவும் மற்றவர்கள் கொடுத்தவை. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சொல்லி நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி நிஜமாகவே அப்படியொரு நூலகம் வைத்திருக்கும் அம்மாவுக்கு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்த அந்த இரவில் அடையாறு அவர் கடைக்குள் புகுந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஓவியங்களோடு தைத்து வைத்திருந்த பைண்டு வால்யூம்கள் அத்தனையும் கூழாகிவிட்டன. "எல்லாமே போச்சாம்மா?" என்று கேட்டேன். "கடையில இருந்ததுதான் போச்சு. வெளியில இருந்தது இருக்கே" என்றார்.

வெளியில் என்றால், வாசகர்கள் எடுத்துப்போய் மாதக்கணக்கில் திருப்பித் தராமல் மாடி வீடுகளில் வைத்திருந்தவை! தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொருவராக, அபராதம் கேட்பாரோ என்ற கூச்சத்தோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என் கதாநாயகிக்கு நான் யோசித்து வைத்திருந்தது வங்கிக் கடனும் ஒரு வீராவேசப் பேச்சும். அந்த அத்தியாயத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

அடுத்து, திருவல்லிக்கேணி பைண்டர் அண்ணனுக்கு. நனைந்த புத்தகங்களை நாயகி மொட்டை மாடி வெயிலில் காயவைப்பதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "வெயில்ல வெச்சா அப்பளம்தாம்மா." நிழலில் மின்விசிறி போட்டு, பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் கைவிட்டுவிடலாம், ஒட்டியது ஒட்டியதுதான். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் நீல நிற மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதையும் அவர்தான் காட்டினார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாயகியின் விரல்கள் நீலமாக இருப்பது அதனால்தான். கவித்துவமாக இருக்கிறது என்று பாராட்டியவர்கள் மன்னிக்கவும்.

1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது கடையை இழந்த பழைய புத்தகக்காரப் பெரியவர் ஒருவர். அப்போது எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். "என்னத்த இருக்கும்? மறுநாள் சாக்கை விரிச்சேன்" என்றார். அதை அப்படியே நாவலில் வைத்துவிட்டேன். ராயல்டி கேட்டார், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய இதழ்களைப் புரட்ட இடம் தந்த தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் நன்றி. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் சேர்த்த புத்தகங்களில் தொடங்கிய நூலகம் அது. அங்கே உட்கார்ந்தபோதுதான் என் நாயகி எதை இழந்தாள் என்பது எனக்கே உறைத்தது.

அப்புறம் என் மாமியார். கைப்பிரதியைப் படித்துவிட்டு, "இவ ரொம்ப அழறா, குறைச்சுடு" என்றார். குறைத்துவிட்டேன்.

முதல் பிரதியை நூலகத்தம்மாவிடம் கொடுக்கப் போனபோது பேரேட்டைத் திறந்து காட்டினார். 2015 கணக்கில் இன்னும் பதினோரு புத்தகங்கள் வெளியே இருக்கின்றனவாம். வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் நாவலாசிரியை