நியூசிலாந்துத் தமிழ் அமைப்புகளுக்கு: தே திரிதி நமக்கும் சேர்த்துத்தான்

நியூசிலாந்தில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024 நவம்பர் 19 அன்று வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன் திரண்டவர்கள், காவல்துறைக் கணக்குப்படியே ஏறத்தாழ 42,000 பேர். உடன்படிக்கைக் கோட்பாடுகள் மசோதாவை எதிர்த்து நாட்டின் வடமுனையிலிருந்து புறப்பட்ட ஹீக்கோய் பேரணி அன்று அங்கே வந்து சேர்ந்தது. மண்ணின் மக்களான மாவோரிகளும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கைக்கு (மாவோரியில் தே திரிதி), "எல்லோருக்கும் சமம்" என்ற பெயரில் புதிய பொருள் வகுக்க முனைந்த மசோதா அது. பிறகு அந்த மசோதா பற்றி நாடாளுமன்றக் குழுவுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான கருத்து மனுக்கள் குவிந்தன. பத்தில் ஒன்பது எதிர்ப்பு. 2025 ஏப்ரல் 10 அன்று 112க்கு 11 என்ற வாக்குக் கணக்கில் மசோதா தோற்றது.

அந்த மாதங்களில் நம் அமைப்புகள் பலவற்றிலிருந்து கேட்ட பதில், "நமக்கு எதுக்கு அரசியல்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே இந்த மடலை எழுதுகிறோம். ஏனென்றால் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் கையெழுத்தாகத் தொடங்கிய உடன்படிக்கைக்கு இரண்டு வாசகங்கள். ஆங்கில வாசகம் இறையாண்மையை முழுவதுமாக பிரிட்டிஷ் அரசிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது. தே திரிதி என்னும் மாவோரி வாசகத்தின் முதல் பிரிவு கொடுப்பது காவனத்தாங்கா, அதாவது ஆட்சி நடத்தும் அதிகாரம் மட்டும். இரண்டாம் பிரிவு நிலம், ஊர், போற்றிக் காக்கும் செல்வங்கள் அனைத்தின்மீதும் மாவோரித் தலைவர்களுக்கும் குலங்களுக்கும் உள்ள தினோ ரங்கதிரத்தாங்காவை, குறைவில்லாத தன்னுரிமையை, உறுதி செய்கிறது. கையெழுத்திட்ட தலைவர்கள் சுமார் 540 பேர். அவர்களில் ஏறத்தாழ 40 பேர் தவிர மற்ற அனைவரும் ஒப்பமிட்டது மாவோரி வாசகத்தில். 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையைக் கைவிடவில்லை என்று உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயமே 2014இல் சொல்லிவிட்டது.

இதில் நமக்கு என்ன? வெளியிலிருந்து வருபவர்களுக்கு விசா கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு அந்த முதல் பிரிவின் வழியாகத்தான் வந்தது. நம் கடவுச்சீட்டில் உள்ள வதிவிட அனுமதிக்கு அடித்தளம் அந்த ஒப்பந்தம். இரண்டாம் பிரிவை மதிக்காமல் முதல் பிரிவின் பலனை மட்டும் அனுபவிக்க நமக்கு உரிமை இல்லை. மண்ணின் மக்களான மாவோரிகள் தங்களைத் தங்கத்தா ஃபெனுவா என்கிறார்கள். இந்த உடன்படிக்கையால் இங்கே இடம் பெற்ற மற்ற எல்லோருக்கும் தங்கத்தா திரிதி என்ற பெயர் இருக்கிறது. நாம் அதற்குள் வருகிறோம்.

நம்மவர்களுக்கு இதை விளக்கும்போது "இது நம்ம ஊர் இட ஒதுக்கீடு மாதிரி" என்று பலர் தொடங்குகிறார்கள். அதில் பாதிதான் சரி. "எல்லோருக்கும் சமம்" என்ற வாதம் எப்படிப் பயன்படும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை அந்த வாதத்தால்தான் வீழ்ந்தது. அதற்காகவே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. ஆனால் இட ஒதுக்கீடு அரசு தருவது. தினோ ரங்கதிரத்தாங்கா அரசு வருவதற்கு முன்பே இருந்தது, ஒப்பந்தத்தால் உறுதி செய்யப்பட்டது. அதைச் சலுகை என்று பேசத் தொடங்கினால், சலுகையைத் திரும்பப் பெறலாம் என்ற வாதத்துக்கு நாமே கதவு திறந்து விடுகிறோம். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். "நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை, அரசியல் பேசினால் பதிவு போய்விடும்" என்பது நிர்வாகக் கூட்டங்களில் முதலில் எழும் தடை. கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு தரக் கூடாது என்பது உண்மை. ஆனால் உங்கள் அமைப்பின் நோக்கத்தோடு தொடர்புள்ள சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்குத் தடை இல்லை. அரசியல் தன்மை உள்ளது என்பதாலேயே ஒரு நோக்கம் அறநோக்கம் ஆகாமல் போய்விடாது என்று நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் 2014இல் கிரீன்பீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மொழியும் பண்பாடும் காப்பது உங்கள் விதிமுறையில் இருந்தால், மாவோரி மொழியையும் உடன்படிக்கையையும் தொடும் மசோதாவில் பேச உங்களுக்கு இடம் உண்டு. தீர்மானத்தைக் குழுவில் முறைப்படி நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். தலைவர் தனியாக எழுதி அமைப்பின் பெயரில் அனுப்பினால் பிறகு உறுப்பினர்களிடையே சண்டை வரும், மனுவும் வலுவிழக்கும்.

கருத்து மனு எழுதுவது கடினமில்லை. முதல் பத்தியில் யார், எத்தனை உறுப்பினர்கள் சார்பில், எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா. அடுத்து, மசோதாவின் எந்தப் பிரிவு, ஏன். கடைசியில் குழு என்ன செய்ய வேண்டும்: முழுதாகக் கைவிடுவதா, குறிப்பிட்ட பிரிவை நீக்குவதா. ஒரு பக்கம் போதும், இரண்டு பக்கம் தாராளம். ஆங்கிலத்திலோ மாவோரியிலோ எழுதுங்கள். நேரில் பேச விரும்புவதாகக் குறிப்பிட மறக்காதீர்கள். அழைத்தால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் கேள்விக்கும் நேரம் விட வேண்டும். எழுதியதையே வாசித்து நேரத்தைக் கரைக்காமல், எழுத்தில் இல்லாத ஒரு செய்தியைச் சொல்லுங்கள்.

எங்கே தவறுகிறது? வாட்சப்பில் வரும் ஒரே வாசகத்தை நூறு பேர் அப்படியே அனுப்புகிறார்கள். அவை ஒரே வகையாகத் தொகுக்கப்பட்டுவிடலாம். நூறு பேரும் தங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதினால் நூறு மனு. சிலர் இணையவழிக் கோரிக்கையில் பெயர் சேர்த்துவிட்டு மனு அனுப்பியதாக நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. மனுக்கள் பெயரோடு நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியாகும். ஆகவே தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் அதற்கென உள்ள கட்டத்தில் மட்டும் நிரப்புங்கள், கடிதத்துக்குள் எழுதாதீர்கள். கடைசி நாள்வரை காத்திருப்பதும் ஆபத்து. உடன்படிக்கைக் கோட்பாடுகள் மசோதாவின்போது இணையதளம் திணறி, கெடுவை 2025 ஜனவரி 14 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எப்போதும் அப்படி நீட்டிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட நம் கையில் நேரடியாக இருப்பது உள்ளாட்சி வாக்கு. இந்த நாட்டில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. வதிவிட விசா உள்ளவர்கள், 18 வயது நிரம்பியிருந்து, எப்போதாவது தொடர்ந்து ஓராண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பதிவு செய்யலாம். இது அரிய உரிமை. அந்த உரிமையோடுதான் மாவோரி வார்டுகளின், அதாவது மாவோரி வாக்காளர் பட்டியலில் பதிந்தவர்கள் உள்ளாட்சி மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வார்டுகளின், தலையெழுத்தும் நம்மிடம் வருகிறது.

2002 முதல் 2021 வரை, ஒரு மன்றம் மாவோரி வார்டு அமைக்க முடிவெடுத்தால், வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் கையெழுத்திட்டு அதை வாக்கெடுப்புக்கு இழுக்கலாம் என்ற விதி இருந்தது. அந்தக் காலத்தில் முயன்ற 24 மன்றங்களில் வென்றவை இரண்டே. கிராமப்புற வார்டு போன்ற வேறு எந்த வார்டுக்கும் இப்படி ஒரு வாக்கெடுப்பு கிடையாது. 2021இல் நீக்கப்பட்ட இந்த விதி 2024இல் திரும்ப வந்தது. அதன் விளைவாக 2025 அக்டோபரில் 42 மன்றங்களில் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் வார்டு வேண்டாம் என்ற முடிவு. 2028 தேர்தலில் அந்த ஊர்களில் மாவோரி வார்டு இருக்காது.

"அவங்களுக்கு மட்டும் ரெண்டு ஓட்டா?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். இல்லை. மாவோரிப் பட்டியலில் பதிந்தவர் மாவோரி வார்டில் மட்டும் வாக்களிப்பார், பொது வார்டில் முடியாது. இடங்களும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு மாவட்டத்தில் மாவோரி வாக்காளர் சார்ந்த மக்கள்தொகை 20,000, பொதுப் பட்டியல் சார்ந்தது 1,00,000, வார்டு உறுப்பினர்கள் மொத்தம் 12 பேர் என்று வையுங்கள். 20,000ஐ 1,20,000ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் 2. அவ்வளவுதான் அவர்களுக்கு. விகிதத்துக்கு மேல் ஒரு நாற்காலிகூட இல்லை. இந்தக் கணக்கை உங்கள் செய்தி மடலில் ஒருமுறை அச்சிட்டால், பத்து விவாதங்கள் மிச்சம்.

உள்ளாட்சி வாக்குச்சீட்டு பெரும்பாலும் தபாலில் வருகிறது. வீடு மாறியவர்கள் முகவரியைத் திருத்தாததால் சீட்டு பழைய வீட்டுக்குப் போகிறது. வந்த உறையையும் விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். மேயர், உறுப்பினர் என்று குறித்துவிட்டு வாக்கெடுப்புக் கேள்வியைப் பார்க்காமலே அனுப்புபவர்களும் உண்டு. தேர்தல் நெருங்கும்போது கோயில் அன்னதான நாளில் ஒரு மேசை போட்டு, பதிவைச் சரிபார்க்க உதவுங்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அங்கே சொல்ல வேண்டாம். முகவரி சரியா, உறை வந்ததா, எல்லாக் கேள்விகளும் நிரப்பப்பட்டதா என்பது மட்டும்.

பள்ளி வாரியங்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு சொல். தே திரிதியைச் செயற்படுத்த வேண்டும் என்று வாரியங்களுக்கு இருந்த சட்டக் கடமையை அரசு 2025 நவம்பரில் நீக்கியது. செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பல பள்ளிகள் தாமாகவே தொடர்வதாக அறிவித்திருக்கின்றன. உங்கள் பள்ளியில் அந்தத் தீர்மானத்தை முன்மொழிபவர் நீங்களாக இருங்கள்.

அடுத்தது உறவு. பொங்கல் விழாவுக்கு மாவோரிப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் வாழ்த்துப் பாடச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவைப்பது உறவு ஆகாது. முதலில் நீங்கள் அவர்களிடம் போங்கள். உங்கள் மண்டபம் யாருடைய மண்ணில் இருக்கிறது என்பதைக் கண்டறியுங்கள். ஆக்லாந்துக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி மாறும், உள்ளூர் மன்றத்தின் மாவோரிப் பிரிவு சொல்லும். மராயே எனப்படும் குலத்தின் கூடுமிட வளாகத்துக்குப் போகும்போது வாசலில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து காத்திருந்து, கரங்கா என்னும் வரவேற்பு அழைப்பு எழுந்ததும் பெண்கள் முன்னே, அமைதியாக, மெதுவாக நடங்கள். உங்கள் பக்கம் பதில் அழைப்புக்கும் உரைக்கும் ஆள் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லி உதவி கேளுங்கள்; அதில் குறை எதுவும் இல்லை. உரை முடிந்ததும் ஒரு பாட்டு வேண்டும். நன்றாகப் பழகிய தமிழ்ப் பாட்டு ஒன்று போதும், ஆனால் பாடுபவர்கள் அங்கே வந்து தேர்வு செய்துகொண்டிருக்கக் கூடாது. கோஹா என்னும் அன்பளிப்பை உறையில் வைத்து, உங்கள் கடைசிப் பேச்சாளர் தரையில் வைப்பார். உரைகளின் வரிசை குலத்துக்குக் குலம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் செருப்பு கூடாது என்பதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேசைமேலும் தலையணைமேலும் உட்காரக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். சைவ உணவு வேண்டுவோர் எண்ணிக்கையை ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள்.

பேரணியில் கலந்துகொண்டால் ஏற்பாட்டாளர்கள் சொல்லும் இடத்தில் நடங்கள், நம் கோரிக்கைப் பதாகைகளை முன்வரிசைக்குக் கொண்டு போகாதீர்கள். ஆதரவு கேட்க வேறு நாள் வரும்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான வேலை. மாவோரி மொழிக்கு ஐந்து உயிர். ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும். அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று நம் குழந்தைகள் ஏற்கெனவே அறிந்த பத்து ஒலிகள். ஆங்கிலம் பேசுபவர்கள் திணறும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ங ஒலிக்கும் நம்மிடம் எழுத்து இருக்கிறது. ஊர்ப் பெயர்களையும் வகுப்புத் தோழர்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பழக்கினால், ஒரே பருவத்தில் குழந்தைகள் அவற்றைச் சரியாக உச்சரிப்பார்கள். பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை இந்த நாட்டில் இருந்தது. 1972இல் 30,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவோடு நாடாளுமன்றத்துக்குப் போய், 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழி ஆயிற்று. அந்தப் பெயர்களைத் தவறாகச் சொல்வது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாக, தமிழ் மணி. 1836 வாக்கில் வாங்காரே பகுதியில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம் ஒன்றை மதபோதகர் வில்லியம் கொலென்சோ இரும்புப் பானைக்கு மாற்றாகப் பெற்றார். அது முகையதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று தமிழ் எழுத்தில் பொறித்திருந்தது. இப்போது தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய பொருள்தான். ஆனால் அதைக் காட்டி "நியூசிலாந்தை முதலில் கண்டவன் தமிழன்" என்று நம் மேடைகளில் முழங்குவதை நிறுத்துங்கள். மணி வந்ததற்குச் சான்று உண்டு, மாலுமி வந்ததற்கு இல்லை. அதோடு, "மாவோரிகளுக்கு முன்பே இங்கே வேறு மக்கள் இருந்தார்கள்" என்ற கட்டுக்கதை, நிலப் பறிப்பை நியாயப்படுத்த நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டு வருகிறது. நம் பெருமைப் பேச்சு அந்தக் கதைக்குத் துணை போகிறது. மாவோரி விருந்தினர் அமர்ந்திருக்கும் மேடையில் அதைச் சொல்வது அவமதிப்பு.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் வைக்க ஒரு தீர்மான வரைவைத் தருகிறோம். மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

"இவ்வமைப்பு தே திரிதி ஒ வைத்தாங்கியின் மாவோரி வாசகத்தை ஏற்கிறது. மாவோரி மக்களின் தினோ ரங்கதிரத்தாங்காவைப் பாதிக்கும் மசோதாக்களில் கருத்து மனு அளிக்க நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் அளிக்கிறது. இப்பகுதியின் மண்ணுரிமைக் குலத்தோடு தொடர்பு பேண இரண்டு உறுப்பினர்களை நியமித்து, அதற்கென ஆண்டு வரவுசெலவில் தொகை ஒதுக்குகிறது."

தொகை ஒதுக்கும் வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். பயணச் செலவும் கோஹாவும் நியமிக்கப்பட்டவரின் சொந்தப் பையிலிருந்து போகத் தொடங்கினால், ஓராண்டில் அந்த வேலை நின்றுவிடும்.

அன்புடன்,
ஆவோட்டியரோவாவில் (நியூசிலாந்தில்) வாழும் தமிழர்கள் சிலர்