சிலுவையை எதிர்கொண்ட பாட்டு

அன்பு அந்தோணி,

நீ கிறிஸ்துமஸுக்குப் போட்ட கடிதத்துக்குக் குருத்து ஞாயிறு ராத்திரி பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். தபாலில் போட்டால் ஈஸ்டர் கழிந்துதான் வரும்; படம் எடுத்து உன் மகன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பேரன் பிரெஞ்சில் சண்டை போடுகிறான். பிரான்சில் இந்த ப்வாத்தியே ஊரில் குளிரும் விடவில்லை, என் முழங்கால் வலியும் விடவில்லை.

விஷயம் இதுதான். சாயங்காலம் மருமகன் ஊருக்கு வெளியே ஒரு மடத்துக்குக் கூட்டிப்போனார். மாலைச் செபத்தில் துறவிகள் லத்தீனில் 'வெக்ஸில்லா ரேஜிஸ்' பாடினார்கள். அரசரின் கொடிகள் புறப்படுகின்றன என்று ஆரம்பம். ஆர்மோனியம் இல்லை, தாளம் இல்லை, எல்லாருக்கும் ஒரே குரல். வரிக்கு எட்டு அசை. நம் பாட்டுக்குழு மாஸ்டர் இருந்திருந்தால் கரகரப்பிரியா ராகம் என்று சாதித்திருப்பார். சுரங்களை அடுக்கிப் பார்த்தால் பக்கத்தில்தான் வருகிறது!

அந்தப் பாட்டு பிறந்ததே இந்த ஊரில். ரடகுந்தா என்று ஒரு ராணி. துரிங்கியா நாட்டு இளவரசி. சிறுமியாக அவளைச் சிறைபிடித்து வந்த பிராங்கு அரசன் குளோத்தார் பின்னால் அவளையே மணந்தான், அவள் சகோதரனையும் கொல்லவைத்தான். அவள் அவனை விட்டு வந்து இங்கே கன்னியர் மடம் கட்டினாள். கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினிடம் கேட்டுத் திருச்சிலுவையின் துண்டு ஒன்றை வரவழைத்தாள். 569-இல் அதை எதிர்கொண்டு அழைக்க எழுதிய பாட்டு இது. எழுதியவர் ஃபோர்த்துனாத்துஸ், இத்தாலிக்காரர்.

அந்த ஆள் உன் இனம்டா. மடத்திலிருந்து வரும் பால், முட்டை, பழத்துக்கெல்லாம் நன்றிக் கவிதை எழுதியிருக்கிறார். ராத்திரிக்கு இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார்களாம், நான்கை உள்ளே தள்ளிவிட்டு அதையும் ஒப்புக்கொண்டு எழுதுகிறார். பாளையங்கோட்டைக் கல்யாணத்தில் நீ தின்ற அப்பக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. அதே கையால்தான் சிலுவையைத் தராசு என்றும் எழுதினார்: உலகத்தின் விலை அதன் கைகளில் தொங்கியதாம். மளிகைக் கடைக்காரர் மகனுக்கு நான் விளக்க வேண்டாம்.

இன்னொன்று கேள். அதே மனுஷர் சிலுவைக்கு இன்னொரு பாட்டும் எழுதினார், 'பாஞ்சே லிங்குவா' என்று. எழுநூறு வருஷம் கழித்துத் தோமா அக்குவினா அந்த முதல் சொற்களை எடுத்து நற்கருணைக்கு ஒரு பாட்டு எழுதினார். அதுதான் நாம் பெரிய வியாழனுக்குப் பாடிய 'பாடுவாய் என் நாவே'. நீ சுதி விட்டு இழுத்தாயே, மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டுப் போனாரே, அது!

கடைசியில் 'ஓ க்ரூக்ஸ் ஆவே' என்று ஒரு சரணம். பிற்காலத்தில் சேர்த்தது. சிலுவையே வாழ்க, எங்கள் ஒரே நம்பிக்கையே என்கிறது. அப்போது எல்லாரும் மண்டியிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவர் பெஞ்சைப் பிடித்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று இறங்கினார். அவர் பாடி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

தங்கச்சி போன பிறகு நீ பாட்டுக்குழுப் பக்கமே போவதில்லை என்று உன் மகன் சொன்னான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் இத்தனை நாள் எழுதவும் இல்லை.

வியாழன் ராத்திரி உங்கள் நேரம் எட்டரைக்குக் கூப்பிடுவேன். போனைப் பையில் வைத்துக்கொண்டு கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார். பாடாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அங்கே பாடுவது கேட்க வேண்டும்.

உன்
சூசை