ரோமில் எங்களுக்குக் கிடைக்கும் நேரத்தை அச்சிட்டுக் கொடுங்கள்

உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். உங்கள் கப்பல் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் நின்ற நாளன்று, நீங்கள் நடத்திய ரோம் சுற்றுலாவுக்குப் பணம் செலுத்திச் சென்றவர்களில் நானும் ஒருவன். அன்றைய குறைகளைப் பயணிகள் பலர் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டதால் அவற்றை முழுவதும் இங்கே திரும்பச் சொல்லவில்லை. போக்குவரத்து நெரிசல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் நெரிசலால் இழந்த நேரத்தை எதிலிருந்து கழிப்பது என்ற முடிவு உங்களுடையது. அதைப் பற்றியே இந்த மடல்.

துறைமுகத்திலிருந்து ரோம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கொலோசியத்துக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டே வழங்கப்படுகிறது என்பதும், காலையில் நகருக்குள் நுழையும் பேருந்துகள் ஊர்ந்தே செல்லும் என்பதும் ஆண்டுதோறும் அங்கே பயணிகளை அழைத்துச் செல்லும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அன்று குறித்த நேரம் தவறியது. கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தோம். பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தினுள் கால் வைக்கவில்லை. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும், 43 மீட்டர் விட்டமுள்ள, பாந்தியன் என்னும் பழைய ரோமானியக் கோயிலின் குவிமாடத்தின் கீழ் நிற்கும் வாய்ப்பும் கைவிடப்பட்டது. நினைவுப்பொருள் கடையில் நிறுத்துவதாக இருந்த முக்கால் மணி நேரம் மட்டும் சிறிதும் குறைக்கப்படவில்லை.

எங்கள் குழுவில் கைத்தடி ஊன்றி நடந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் காண விரும்பியது ஃபோரத்தினுள் இருக்கும் டைட்டஸ் வளைவை. கி.பி. 70இல் எருசலேம் கோயில் அழிக்கப்பட்டபின், அங்கிருந்து எடுத்த ஏழு கிளை விளக்குத்தண்டை ரோமானியர்கள் ஊர்வலமாகச் சுமந்து வரும் புடைப்புச் சிற்பம் அந்த வளைவின் உட்புறச் சுவரில் இருக்கிறது. தாம் பாடப்புத்தகப் படத்தைக் காட்டிப் பல ஆண்டுகள் நடத்திய பாடம் அது என்று பேருந்தில் சொல்லிக்கொண்டே வந்தார். சதுரக் கருங்கற்கள் பாவிய மேடுபள்ளமான தெருவில், தடி கல்லிடுக்கில் சிக்கச் சிக்க, குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்து வந்தவருக்குத் தொலைவிலிருந்து வளைவின் மேற்பகுதி மட்டுமே தெரிந்தது. உள்ளே போக முடியாதா என்று அவர் கேட்டபோது வழிகாட்டி தலைகுனிந்து நின்றார். அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை, அட்டவணையை வகுத்தவர் அவர் அல்லர். பிறகு, உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாத கடையில், எதையும் வாங்க விரும்பாத அந்த அம்மையார் முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். அதைப் பார்த்த பிறகு உங்கள் பதிலை ஏற்க என்னால் இயலவில்லை.

என் கோரிக்கை இதுதான். சுற்றுலாச் சீட்டை விற்பதற்கு முன்பே, பேருந்தில் எவ்வளவு நேரம், வரிசையில் எவ்வளவு நேரம், கடையில் எவ்வளவு நேரம், ஒவ்வொரு இடத்தின் உள்ளேயும் எவ்வளவு நேரம் என்று கையேட்டில் அச்சிடுங்கள். தாமதம் நேர்ந்தால் முதலில் கைவிடப்படுவது கடையாகவே இருக்கட்டும்.

ரயிலில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோமின் சான் பியெத்ரோ, தெர்மினி நிலையங்களுக்கு ரயில்கள் இருக்கின்றன. ஆயினும் தனியே சென்று தாமதமானால் கப்பல் காத்திருக்காது, நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றால் காத்திருக்கும் என்று அறிவிப்பவர்களே நீங்கள்தான். முதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் அந்த அச்சத்தினால்தான் உங்களிடம் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அச்சத்தின் பேரில் பெற்ற பணத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதலான நேர்மை வேண்டும். 2021இல் வெனிஸ் நகரின் மையப்பகுதியை ஒட்டிய ஜுதேக்கா கால்வாய் வழியே பெரிய கப்பல்கள் செல்வது தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். கப்பல் பயணிகள் கும்பலாக வந்து, எதையும் உள்வாங்காமல் தெருக்களை நெரித்துவிட்டுப் போகிறார்கள் என்று ஐரோப்பிய நகரத்தார் வருந்துகிறார்கள். நாங்கள் அப்படி வர விரும்பவில்லை. உங்கள் அட்டவணை எங்களை அப்படி ஆக்குகிறது. ரோமைப் பார்க்க வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வாய்ப்புப் பெறுபவர்கள் உங்கள் கப்பலில் ஏராளமானோர் என்பதை நீங்கள் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லையோ என்று ஐயுறுகிறேன்.

சொற்கள் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கப்பலில் உங்கள் ஊழியர்கள் காட்டிய பரிவை நான் மறக்கவில்லை. நான் கேட்பது பணத்தை அன்று. ரோமில் ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்குக் கிடைக்கும் நேரத்தை மறைக்காமல் அச்சிடுங்கள் என்பதையே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இதற்கு ஒரு பதிலும், அந்த ஆசிரியைக்குத் தனியே ஒரு மடலும் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் பயணிகளுள் ஒருவன்