அந்தச் சீட்டு அடுத்த மே வரை செல்லும்

தக்கலை,
ஆடி 9.

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிக்கலாம். தொலைபேசியில் நீ ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. அதில் மூன்று நிமிடத்தை உன் அம்மாவின் முட்டுவலி எடுத்துக்கொள்கிறது, மீதி இரண்டில் பேரன் பல் விழுந்த கதையைச் சொல்லி முடிக்கிறான். எனக்கு மிஞ்சுவது "சரி அப்பா, வைக்கிறேன்" என்பது மட்டும்தான். ஆகையால் எழுதுகிறேன்.

சாரல் விடாமல் பெய்வதால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. கிணறு நிறைந்துவிட்டது. உன் சித்தப்பா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் உறுதியாகியிருக்கிறது. மற்ற சேதிகளை அம்மா சொல்லியிருப்பாள். நான் எழுத நினைத்தது, நாம் எல்லோரும் லண்டனில், கோவென்ட் கார்டனில் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் கழித்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி.

அரண்மனையையும் பாலத்தையும் விட்டுவிட்டு, ஆயுள் முழுவதும் பஸ்ஸில் நின்றவரைப் பஸ் பார்க்கக் கூட்டிப் போகிறானே என்று அன்று காலையில் உன் அம்மா முணுமுணுத்தாள். எனக்கோ உள்ளூரப் பெருமையாக இருந்தது. முப்பத்தொரு வருடம் தோல்பையும் விசிலுமாக நின்றவனுக்கு எது பிடிக்கும் என்று என் மகன் நினைத்துப் பார்த்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கட்டடம் முன்பு பூச்சந்தையாக இருந்தது என்று நீ சொன்னபோது, தோவாளைப் பூக்காரர்கள் இந்த இரும்புத் தூண்களையும் கண்ணாடிக் கூரையையும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன்.

லிஃப்டில் மேலே ஏறிப் போய், குதிரை வண்டியிலிருந்து தொடங்கினோம். 1829-ல் ஷில்லிபியர் என்பவர் பாடிங்டனிலிருந்து பேங்க் என்ற இடம் வரை மூன்று குதிரைகள் பூட்டி ஓட்டிய வண்டியின் மாதிரியைப் பார்த்ததும் நான் முதலில் தேடியது பின்வாசலைத்தான். அந்த முதல் வண்டியிலேயே அங்கே நிற்க ஒரு கண்டக்டர் இருந்திருக்கிறார். 1866-ல் செய்த அந்த நீராவி இன்ஜினைப் பார்த்து, பூமிக்கு அடியில் இந்தப் புகையோடு சனங்கள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்று உன் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 1890-ல் ஓடிய மின்சார ரயிலின் பெட்டியில் சன்னலே இல்லாதது போல இருந்தது. சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் ஓர் ஆள் உரக்கக் கூவுவார் என்று நீ சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை, படந்தாலுமூடு!" என்று பேரனுக்காகக் கூவிக் காட்டினேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ சிரித்தாய். அந்த நாள் முழுவதிலும் நீ வாய்விட்டுச் சிரித்தது அப்போது ஒரு முறைதான்.

உன் தாத்தா சொல்லும் "லண்டன் துரை வண்டி" கதை அங்கே நினைவுக்கு வந்தது. திருவிதாங்கூர் அரசு பஸ் விட முடிவு செய்தபோது லண்டன் போக்குவரத்து வாரியத்தில் இருந்த சால்ட்டர் என்பவரை அழைத்து வந்துதான் பொறுப்பைக் கொடுத்தார்கள். கோமர் கம்பெனிச் சேஸிகள் அறுபது இங்கிலாந்திலிருந்து வந்தன. பாடி கட்டியவர்கள் நம் ஆட்கள். 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா தொடங்கி வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளைக்கு அந்த வண்டிகள் ஓடின. நான் பிற்காலத்தில் விசில் ஊதிய ரோட்டின் கதையே ஒரு லண்டன்காரரிடமிருந்து தொடங்கியது என்று நான் சொன்னபோது நீ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸ் தீவுக்கே போய்க் கண்டக்டர் வேலைக்கு ஆள் எடுத்தது என்று நீ எனக்கு விளக்கியபோது மட்டும் உன் குரல் மாறியிருந்தது. கடல் கடந்து வந்து, குளிரில் நின்று, அந்த உடுப்பைப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் என்று சொல்லிவிட்டு நீ பேச்சை நிறுத்திக்கொண்டாய். நான் மறுமொழி சொல்லியிருக்க வேண்டும். காப்பி குடிக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

சுரங்க ரயிலின் வரைபடத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நின்றாய். ஹாரி பெக் என்ற மின் வரைவாளர் 1931-ல் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது வரைந்தது என்றும், முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களே 1933-ல் அதை அச்சடித்தார்கள் என்றும் சொன்னாய். எங்களை நடக்கவிட்டு நீ அங்கேயே நின்றாய். திரும்பிப் பார்த்த மருமகள் உன்னைக் கூப்பிடவில்லை.

மகனே, உட்கார்ந்து செய்யும் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. சிறுநீரை அடக்கக் கூடாது. எங்கள் டிப்போவில் நான் பார்த்த டிரைவர்களில் பாதிப்பேருக்கு அதனால்தான் நோவு வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்தாலும் உட்காருவது உட்காருவதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது டிக்கெட் கருவிகள் இருந்த இடம். கழுத்தில் தொங்கவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் சீட்டு அடித்துத் தரும் கிப்சன் இயந்திரம் 1953-ல் வந்ததாம். எங்கள் கையில் ரூபாய் வாரியாக டிக்கெட் கட்டும், நாக்கில் தொட்ட விரலும்தான் இருந்தன. அதற்கும் முந்திய காலத்தில், சீட்டில் துளை போடும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும் கருவி இருந்திருக்கிறது. துளை விழுந்ததைப் பயணி கேட்க வேண்டும், விழுந்த காகிதத் துண்டுகளைப் பின்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டக்டரை நம்பாமல் செய்த கருவி. அதன் முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை. காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

கீழ்த் தளத்தில் சிவப்பு வண்டிகளுக்கு நடுவே வந்தபோது பேரனைப் பிடிக்க முடியவில்லை. 1956-ல் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் வண்டிகளில் டிரைவர் தனிக் கூண்டில் இருப்பார், பயணிகளோடு இருப்பவர் கண்டக்டர் மட்டும். 2005 டிசம்பரில் அவை வழக்கமான ஓட்டத்திலிருந்து போனபோது கண்டக்டர்களும் போனார்கள். 2014 முதல் அங்கே பஸ்ஸில் காசே வாங்குவதில்லை என்றும் சொன்னாய். சில்லறைச் சண்டை இல்லாத பஸ்ஸை நினைத்து எனக்குப் பொறாமை வந்தது. அதே சமயம், எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும் அந்த டிரைவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

பிள்ளைகள் ஏறி விளையாட வைத்திருந்த வண்டியில் பேரன் ஸ்டியரிங்கைத் திருப்பப் போனபோது, நீ அவன் கையைப் பிடித்து, "முதலில் இந்தக் கண்ணாடி, பிறகு அந்தக் கண்ணாடி, அதற்குப் பிறகுதான் கை" என்றாய். கார் ஓட்டுபவன் அப்படிச் சொல்ல மாட்டான். பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மருமகள் அவன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். வெளியே வந்து சாலையோரம் நின்றபோது, கடந்து போன பஸ்ஸின் டிரைவர் நம் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். உன் கையும் பாதி உயர்ந்தது. பிறகு அது தலையைச் சொறியப் போய்விட்டது. நம் ரோட்டிலும் எதிரே வரும் வண்டிக்கு அப்படித்தான் கை தூக்குவார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. இந்தியாவோடு மீட்டிங் என்று சொல்லி வாரத்தில் நான்கு நாள் விடிகாலை 3.40-க்கு நீ பையோடு இறங்கிப் போனதைப் பற்றியும் கேட்கவில்லை. அப்போது இங்கே மணி 8.10. எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? முப்பத்தொரு வருடம் நேரத்தைப் பார்த்தே வாழ்ந்தவனிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். போன வருடம், கம்பெனியில் ஆட்குறைப்பு நடக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்று நீ சொன்னாய். நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் குடி. தூக்கத்தைக் குறைக்காதே.

அருங்காட்சியகம் போய்வந்த அன்று இரவு உன் வீட்டு அறையில் உன் அம்மா என்னிடம் ஒன்று சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன் உனக்குத் தெரியாத ஒன்றை நான் எழுத வேண்டும். நீ ஆறாம் வகுப்பில் படித்த வருடம் என்னை 47 நாள் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். செக்கிங்கில் பையில் 400 ரூபாய் குறைந்தது. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். தொலையவில்லை. சீட்டுப் பணம் கட்ட எடுத்தேன், மறுநாள் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துவைத்த காக்கியைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தோடு தினமும் விடியுமுன் புறப்பட்டேன். மாத்தூர் தொட்டிப்பாலம் வரை போய், அந்த உயரமான தூண்களில் ஒன்றின் நிழலில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மேலே வாய்க்கால் ஓடும், கீழே பறளியாறு ஓடும். பகல் ஒன்று எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்று கூட்டம் அதிகம் என்று வீட்டில் சொல்வேன்.

உன் அம்மாவுக்கு இது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டதாம். சில்லறை எண்ணுகிறவன் விரல்கள் கறுத்திருக்கும். என் விரல்கள் வெளுத்திருந்தனவாம். மீதி 44 நாளும் அவள் சோறு கட்டிக் கொடுத்தாள், காக்கியைத் தேய்த்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து உன் வீட்டில் வைத்து ஏன் சொன்னாள் என்று நான் கேட்டதற்கு, அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கு நான்கு வருடம் கழித்து, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது, பஸ் ஓட்டத்தான் ஆசை என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். காக்கி என்னோடு ஒழியட்டும், என் மகன் அதைப் போட்டால் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். உன் முகம் வாடியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் வெட்கப்பட்டது அந்தப் பாலத்தடியில் உட்கார்ந்திருந்த ஆளை நினைத்து. அதை உனக்குக் காக்கியின் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டேன். அது தப்பு. நீ அதை மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த அருங்காட்சியகச் சீட்டு ஒரு வருடத்துக்குச் செல்லும் என்று அங்கே சொன்னார்கள் அல்லவா, அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த மே மாதத்துக்குள் வர முடிந்தால் இன்னொரு முறை பார்க்கலாம். ஆனால் எனக்கு இப்போது அதைவிட மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன் சீட்டில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்று ஆசை. எந்த நம்பர் வண்டி, எத்தனை மணிக்கு என்று மட்டும் நீ எழுது. நான் நேரத்துக்கு நிறுத்தத்தில் நிற்பேன்.

கீழத்தெரு வீட்டுப் பையன் இந்த மாதக் கடைசியில் லண்டன் வருகிறான். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வற்றலும் அம்மா கொடுத்துவிடுகிறாள். வடசேரியில் வாங்கிய கைத்தறித் துண்டு இரண்டும் அதில் இருக்கும். ஒன்றைச் சுருட்டி, சீட்டில் இடுப்புக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துக்கொள். மற்றது வியர்வைக்கு.

இப்படிக்கு,
அப்பா.