பணம் அனுப்புவதைக் குறைத்துக்கொள், மகளே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, பார்க்கலாம்" என்று நீ மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கூடப் படித்தவர்களெல்லாம் பெரிய சம்பளத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் சேர்ந்த இடத்திலேயே கிடக்கிறேன், எனக்குத் திறமை பத்தவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இதற்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை, தாயி.

உழைப்பு மட்டும் போதுமென்றால் தூத்துக்குடியில் முதல் மாடி வீடு உன் ஆச்சியுடையதாக இருந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் உப்பளத்துக்கு நடப்பாள். வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கி, சாயங்காலம் தரையில் கால் ஊன்ற முடியாது. நீதான் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாய். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்தே கடைசியில் கண்ணும் மங்கிப்போனது. சேர்த்ததென்று ஒரு ஜோடி கம்மல், அதுவும் பாதி நாள் அடகில்.

ஏன் சேரவில்லை? மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். ஐப்பசியிலிருந்து மூன்று மாதம் கூலி கிடையாது. அடுப்பெரிய முன்பணம் வாங்குவோம். சீசன் தொடங்கியதும் அது கூலியில் கழியும். கழிந்து முடியும்போது அடுத்த மழை வந்து நிற்கும். இப்போது மழைக்காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல உதவிதான், ஆனால் மூன்று மாதத்துக்கு எம்மட்டு? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் குவித்திருந்த உப்பு கரைந்து, பாத்தியெல்லாம் சேறாகிப்போனது. அந்த வருடம் நாங்கள் சாப்பிட்டது உன் சம்பளத்தில். அதை மறக்கமாட்டேன்.

முதல் பட்டதாரி சலுகை இல்லையென்றால் நீ இன்ஜினியரிங் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. ஆனால் அது கல்விக் கட்டணத்தைத்தான் பார்த்துக்கொண்டது. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பேங்க் கடன். உன் ரூமில் இருந்த பிள்ளை பிடிக்காத வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதம் வீட்டிலிருந்து கோர்ஸ் படித்து நல்ல இடத்துக்குப் போனாள். நீ கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டாய், ஏனென்றால் உனக்குத் தவணை இருந்தது, வாடகை அட்வான்ஸ் இருந்தது, நாங்கள் இருந்தோம். அவளுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது அந்த ஆறு மாதம்தான். மார்க்கில் நீ அவளுக்கு மேலேதானே?

தம்பி ஒன்று படித்துக் காட்டினான். ஓ.இ.சி.டி. என்று பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு ஒன்று 2018இல் போட்ட கணக்காம். இந்தியாவில் அடித்தட்டுக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்துக்கு வர ஏழு தலைமுறை ஆகுமாம். ஆச்சியிலிருந்து எண்ணினால் நீ மூன்றாவது. ஏழு பேர் சுமக்க வேண்டியதை நீ ஒருத்தியாகத் தலையில் ஏற்றிக்கொண்டு, முடியவில்லையே என்று அழுகிறாய். எனக்குக் கோபம்கூட வருகிறது, உன் மேல் இல்லை.

அதனால் சொல்வதைக் கேள். வீட்டுக்குக் கான்கிரீட் போடக் காசு அனுப்பாதே. ஓடு இன்னும் தாங்கும். சித்தி மகள் சடங்குக்குச் செய்முறையை நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பியைப் பற்றியும் கவலை வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்ததால் அவனுக்கு ஹாஸ்டல் கட்டணம் வரை அரசே கட்டுகிறது. உன் காலத்தில் அது இல்லை.

முதலில் கடனை அடை. அப்புறம் மாதாமாதம் உன் பெயரில் போட்டு வை. ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருந்து படிக்கிற அளவுக்குச் சேரட்டும். சேர்ந்ததும் வேலையை விட வேண்டுமென்றால் விடு, யாரிடமும் கேட்காதே. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும்.

வருகிற மாதத்திலிருந்து இப்போது அனுப்புவதில் பாதி போதும். அம்மாவிடமும் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம். கூட அனுப்பினால் தம்பியை விட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா