போகிக்கு முன் அந்தப் பழைய கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போகி நெருங்குகிறது, அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டால் நல்லது என்று அவசரமாக எழுதுகிறேன். போன வருஷம் போகிக்கு முந்தின நாள் எங்கள் தெருமுனையில் பழைய பாய், உடைந்த நாற்காலி, பஞ்சு பிதுங்கின தலையணை எல்லாம் குவித்து வைத்திருந்தார்கள், அதற்கு நடுவே ஒரு கிட்டாரின் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைக் காணோம். யாருடையது என்று அங்கே நின்ற பையனிடம் கேட்டேன். "எங்க தாத்தாவோடதுக்கா, கம்பியெல்லாம் அறுந்து கிடந்துச்சு" என்றான். அது என்ன கிட்டார், எந்த ஊரில் செய்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி மூன்று கிட்டார்கள் இருந்தன, அதில் ஒன்றை நாங்களே கெடுத்தோம்.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சாயங்காலமானால் மெல்லிசைக் குழு. கல்யாணம், கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், எங்கே கூப்பிட்டாலும் போவார். அவர் காலமான பிறகு வீடும் நகையும் பேசி முடிக்க ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை, ஆனால் கிட்டார் விஷயத்தில் அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் மூன்று விதமாக நின்றோம். அண்ணன் விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம் என்றார், தம்பி விற்கவே கூடாது என்றான், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம் என்று நான் சொன்னேன். சரி, ஆளுக்கு ஒன்று என்றாலும் எது எவ்வளவு பெறும் என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது?

மூன்றையும் ஆட்டோவில் ஏற்றி ஒரு இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் உறையைப் பாதிதான் திறந்து பார்த்தார். "இதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க, மூணுக்கும் சேர்த்து நாலாயிரம் தரேன், வச்சிட்டுப் போங்க" என்றார். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார், எனக்குத்தான் அவர் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று உறுத்தியது. அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்பாவின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த மாமா ஒருவர் இருக்கிறார், இப்போது எண்பது வயதுக்குப் பக்கம். அவர்தான் போனில் சொன்னார், "வெளியே பார்க்காதே பாப்பா, முதல்ல உள்ளே எட்டிப் பாரு" என்று. செல்போன் டார்ச்சும் கையடக்கக் கண்ணாடி ஒன்றும் போதும். வயலின் மாதிரி மேல்பலகை வளைந்து, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை உள்ள கிட்டார் ஒன்று இருந்தது, அதன் துளை வழியாக வெளிச்சம் அடித்தேன். தூசு, உடைந்த பிக் ஒன்று, சுருண்டுபோன சினிமா டிக்கெட், அதற்கும் அடியில் பழுப்பேறின ஒரு லேபிள். ஹாஃப்னர், செனட்டர் என்று படிக்க முடிந்தது, பக்கத்தில் ஒரு எண். ஹாஃப்னர் 1887-இல் தொடங்கின ஜெர்மன் கம்பெனி, பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ பேஸ் கிட்டார் அவர்கள் செய்ததுதான். 1950-களிலிருந்து செல்மர் என்ற லண்டன் கம்பெனி அவர்களிடமிருந்து வாங்கி பிரிட்டனில் விற்றபோது வைத்த பெயர்களில் ஒன்று செனட்டர்.

அது பொன்மலைக்கு எப்படி வந்தது என்பது அப்பாவின் பழைய டைரியில் இருந்தது. ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியன் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனபோது அப்பா 350 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார், 1971, இரண்டு தவணை. அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்று எழுத்தில் இருந்தால், வாங்குகிறவருக்கு அது அசல் என்ற நம்பிக்கை வருகிறது. அதனால் கிட்டாரோடு கிடைக்கிற ரசீது, மேடையில் எடுத்த போட்டோ, கச்சேரி நோட்டீஸ், கிட்டாரை வைக்கிற அதே காலத்துப் பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்த எத்தனையோ பேருடைய பெயர் இசைத்தட்டு உறையில் வந்ததே இல்லை, அவர்கள் குடும்பத்துக்கு வீட்டில் இருக்கிற ஒரு போட்டோதான் சாட்சி.

இரண்டாவது கிட்டாரால் வீட்டில் ஒரு வாரம் ஒரே பரபரப்பு. கழுத்து முனையில் கம்பி முறுக்கும் தலையில் இருந்த சாய்வெழுத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் மகன் கிப்ஸன் என்று படித்துவிட்டான், பழைய கிப்ஸன் என்றால் லட்சக்கணக்கில் போகும் என்பது அவனுக்குத் தெரியும். துணியால் துடைத்து எழுத்தெழுத்தாகப் படித்தபோது அது கிவ்ஸன். கிப்ஸன் அமெரிக்காவில் கலமசூவிலும் பிறகு நாஷ்வில்லிலும் செய்தது, கிவ்ஸன் நம் கல்கத்தா கிட்டார். ஒரு தலைமுறையே கிவ்ஸன், கிப்டோன் என்ற இந்தக் கல்கத்தா கிட்டார்களில்தான் கற்றுக்கொண்டது. விலை என்று பார்த்தால் சில ஆயிரம்தான் தேறும். அதனால் பெயரை அவசரத்தில் படித்துவிட்டு யாரும் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அதேபோல் இந்தியக் கிட்டார்தானே என்று தூக்கியும் எறியாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது உண்மையிலேயே அமெரிக்கக் கிட்டார் என்றால் இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மார்ட்டின் என்றால் சுலபம், உள்ளே கழுத்து வந்து சேரும் கட்டையில் எண்ணைக் குத்தியிருப்பார்கள், 1898-லிருந்து வரிசையாக எண் கொடுத்து வருவதால் எந்த வருஷத்துக் கிட்டார் என்று நேராகச் சொல்லிவிடலாம். கிப்ஸனில் அப்படி முடியாது, 1960-களில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எண்ணை மட்டும் நம்பாமல் தலையின் பின்பக்கம் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று குத்தியிருக்கிறதா என்று பாருங்கள், அது 1970 வாக்கில் வந்த பழக்கம். எலக்ட்ரிக் கிட்டாரில் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்திலேயே தேதி ஒரு எண்ணாகக் குத்தியிருக்கும். 137-ல் தொடங்கி 6612 என்று முடிந்தால் 1966-ஆம் வருஷம் 12-வது வாரம் செய்த பாகம் என்று அர்த்தம். எலக்ட்ரிக் கிட்டார் செய்யும் ஃபெண்டர் கம்பெனி 1965-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது, அதற்கு முந்தியது என்றால் விலையே வேறு.

மரத்தையும் பாருங்கள். 1969 வரைக்கும் மார்ட்டின் தன் உயர்ந்த கிட்டார்களின் முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட் போட்டது, அது கிடைப்பது கஷ்டமானதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் வேறு எதுவுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான். நம்முடைய காட்டு மரம் உலகத்தின் பேர்பெற்ற கிட்டார்களில் பாடிக்கொண்டிருக்கிறது, இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரேசில் மரத்தில் செய்தது என்றால் விலை பல மடங்கு, ஆனால் 1992-லிருந்து அந்த மரம் சர்வதேசத் தடைப் பட்டியலில் இருப்பதால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்கப் போகாதீர்கள். ஈட்டி மரத்துக்கும் 2017-இல் கட்டுப்பாடு வந்தது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 கடைசியில் விலக்குக் கொடுத்தார்கள்.

இப்போது மூன்றாவது கிட்டார். எழுதவே கஷ்டமாக இருக்கிறது. யமஹா எஃப்ஜி 180, ஜப்பானில் செய்தது, உள்ளே நிப்பான் கக்கி (யமஹா கம்பெனியின் அந்தக் காலத்துப் பெயர்) என்று சிவப்பு லேபிள். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. யமஹா இந்த வரிசையை 1966-இல் தொடங்கியது, சிவப்பு லேபிள் உள்ளவற்றை இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன்பே அண்ணன், புதுசு மாதிரி இருந்தால் நல்ல விலை வரும் என்று நினைத்து, அதை ஒரு மரச்சாமான் பாலிஷ்காரரிடம் கொடுத்துவிட்டார். அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த மேல்பலகை ஒரே மரம் இல்லை, மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்ததில் மேல்தகடே போய், துளைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடியில் இருக்கும் மரம் குறுக்கு ரேகையோடு தெரிகிறது. அதன்மேல் தேக்கு நிறத்தில் கனமாக வார்னிஷ். தட்டினால் சத்தம் மரப்பெட்டியைத் தட்டுவது மாதிரி மொக்கையாக வருகிறது. கம்பியை முறுக்கும் பழைய கீ ஆறையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புது கீ செட் போட்டுத் தந்தார்கள். அப்பாவின் கட்டைவிரல் முப்பது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கின ஒரு பள்ளம் அந்தப் பலகையில் இருந்தது, அதுவும் போய்விட்டது.

பழைய கிட்டார் வியாபாரத்தில் பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள், மேல் பாலிஷை மாற்றினால் விலை பாதியாகிவிடும் என்று. எங்கள் யமஹாவுக்குப் பாதி கேட்கவும் ஆள் இல்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வாங்கின நிலையிலேயே வைத்திருங்கள். கீறலையும் மங்கலையும் துருப்பிடித்த கீயையும் அப்படியே விடுங்கள். காய்ந்த மெல்லிய துணியால் தூசு துடைத்தால் போதும். கம்பி இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள், வெயில் காலத்துப் பரண் சூட்டில் பசை விட்டு, மேல்பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை எழும்பிவிடும். கரையான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலைக்கு வருவோம். இணையத்தில் ஒருவர் இரண்டு லட்சம் என்று போட்டிருக்கிறார் என்பதற்காக உங்களுடையதும் இரண்டு லட்சம் ஆகிவிடாது, அது அவர் கேட்கிற விலை. ரிவெர்ப், ஈபே மாதிரி விற்பனை இணையதளங்களில் விற்று முடிந்ததை மட்டும் தனியாகப் பார்க்கலாம், அதே மாடல், அதே காலம், ஏறக்குறைய அதே நிலையில் இருப்பது கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்பதுதான் கணக்கு. கடைக்காரர் அதே தொகையைத் தரமாட்டார், வாடகை, பழுதுச்செலவு, லாபம் பார்த்துப் பாதியோ சற்று மேலோ கொடுத்தால் அது நியாயம்தான். மூன்றுக்கும் சேர்த்து நாலாயிரம் என்பது நியாயமே இல்லை. பெங்களூரில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செனட்டர் 50,000 ரூபாய் வரை போகலாம், கழுத்தில் ஒட்டுப்போட்டது இல்லை என்பதே பெரிய விஷயம் என்றார். தலை ஒரு தடவை முறிந்து ஒட்டியிருந்தால் அங்கேயே பாதி விலை போய்விடுமாம். யமஹா கெடாமல் இருந்திருந்தால் 30,000 பக்கம் சொல்லியிருப்பாராம்.

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் மார்ட்டின் 2020-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அதற்கு முந்தின வருஷம் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மருடைய கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அது அவர்கள் வாசித்த கைக்கு உள்ள விலை. அதை நினைத்து நம் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டாம். ஆனால் 50,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அது.

கடைசியில் நாங்கள் செனட்டரை விற்கவில்லை. விலை தெரிந்ததும் அண்ணனே விற்க வேண்டாம் என்றுவிட்டார். தம்பி அதை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேருக்கும் பங்குக்கான பணத்தை மாதாமாதம் தருகிறான். யமஹா அண்ணன் வீட்டில் இருக்கிறது. கல்கத்தா கிட்டாரை அம்மா யாருக்கும் தரவில்லை, அதில்தான் அப்பா தெருப்பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். புதுக் கம்பி மாட்டி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் வந்தால் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொன்மலை, திருச்சி.